தாளின் தலைமாடு

அன்றைக்கு நிலத்தில் இருந்தவர்கள்: சர்வேயர், வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அவருக்கு டேப் பிடிக்க வந்த உதவியாளர். ஊர்த் தலையாரி. என் வீட்டுக்காரர். அவருடைய பெரியப்பா மகன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். மாமாவின் மனைவி, எனக்கு அக்கா. பிறகு நான். மொத்தம் ஏழு பேர். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தியும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கையெழுத்துப் போடச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அதனால் சர்வேயர் எழுதிய தாளில் அவள் இல்லை.

எங்கள் ஏழு பேருக்கும் நடுவில் ஓர் இரும்புக் குழாய் தரைக்கு மேல் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. மேலே மூடி போட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. நாங்கள் போட்ட போர். அது எங்கள் நிலத்தில் இருக்கிறதா, மாமாவின் நிலத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அத்தனை பேரும் காலை ஒன்பது மணி வெயிலில் நின்றுகொண்டிருந்தோம்.

எங்கள் ஊர் வேங்கிக்காலுக்கு வடக்கே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை தெற்கே இருக்கும், ஏரி வடக்கே. இந்த வடக்கு தெற்கு எல்லாம் இப்போது எழுதுவதற்காகச் சொல்கிறேன். ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மலைப் பக்கம், ஏரிப் பக்கம். அவ்வளவுதான். நிலத்துக்குத் தலைமாடு மலைப் பக்கம், கால்மாடு ஏரிப் பக்கம். பாய் விரித்தாலும் அப்படித்தான். மலையைப் பார்த்துக் காலை நீட்டிப் படுத்தால் சின்ன வயதில் முதுகில் அடி விழும். இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டில் படுக்கப் போனால் முதலில் ஜன்னல் வழியாக மலை எங்கே என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் தூக்கம் வராது. எனக்குத் தூக்கம் வராமல் இருக்க வேறு காரணங்களும் உண்டு.

எங்கள் நிலமும் மாமாவின் நிலமும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீளத் துண்டுகள். ஒரே தாத்தா சொத்து. பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு பழைய கிணறு இருந்ததால், அதற்கு இடம் விட்டுக் கோடு கொஞ்சம் சாய்ந்து போனதாம். அதனால் எங்கள் துண்டு ஒரு கடைசியில் அகலம், இன்னொரு கடைசியில் குறுகல். கிணறு தூர்ந்து போய்விட்டது. இரண்டு நிலத்தையும் ஒரே ஆளிடம் குத்தகைக்கு விட்டிருந்தோம். அவர் ஏழெட்டு வருஷம் வேர்க்கடலை போட்டார். டிராக்டர் திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று நடு வரப்பையும் சேர்த்து உழுதுவிட்டார். நடுவில் இருந்த கற்களும் அப்போதே போயிருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வெளி ஓரத்தில், மலைப் பக்கம், வண்டித் தடத்தை ஒட்டி ஒரு கல் மட்டும் மிச்சம்.

நான் ஒன்பதாம் வகுப்பு பாதியில் நின்றவள். பூகோள வகுப்பில் டீச்சர் என்னை எழுப்பி, படத்தில் வடக்கு எங்கே என்றார்கள். மேலே என்று பக்கத்துப் பெண் முணுமுணுத்தாள். நான் கூரையைக் காட்டினேன். அதற்கு வகுப்பே சிரித்தது. நான் நின்றதற்குக் காரணம் அது இல்லை, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. ஆனால் பள்ளிக்கூடம் என்றால் அந்தச் சிரிப்புதான் நினைவில் இருக்கிறது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நிலத்து ஆட்கள். பட்டா, சிட்டா, புலப்படம். புலப்படம் என்றால் ஒரு நிலத்தின் கோட்டுப் படம். எந்த ஓரம் எத்தனை மீட்டர், எந்த மூலையில் கல் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது புலப்படம் என் கையால் கண்ணாடியில் படுத்து எழுந்து போகும்.

ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி ஒருமுறை மூன்று பெரிய புத்தகங்களைக் கொண்டுவந்து முழுவதும் நகல் எடுத்து ஸ்பைரல் போடச் சொன்னார். ஒன்று நில அளவை செய்கிறவர்களுக்கான கையேடு, தமிழில். இன்னொன்று மாவட்டத்தின் பாறைகளையும் நிலத்தடி நீரையும் பற்றியது, ஆங்கிலத்தில், உள்ளே மடித்து வைத்த கலர் படத்தோடு. மூன்றாவது மண் அரிப்பு, வரப்பு, ஏரி பராமரிப்பு என்று கிராம அலுவலர்களுக்கானது. அன்றைக்கு மிஷினில் மை சரியில்லை. நிறைய தாள்கள் கறுப்படித்து, கோணலாக வந்தன. அவற்றை எடைக்குப் போட மனசில்லாமல் கயிறு கட்டி வைத்துக்கொண்டேன். கடை ஓனர், "இன்னாமா, கலெக்டர் ஆகப் போறியா?" என்றார். கூட்டமில்லாத நேரத்தில் படித்தேன். ஆசையால் என்று சொல்ல முடியாது. எதையாவது தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால் அது வந்து நம்மைப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பயம் எனக்கு எப்போதும் உண்டு.

கலர் படத்தில் எங்கள் பக்கம் முழுக்க ஒரே ரோஸ். அது என்ன என்று அதிகாரியைக் கேட்டேன். "கெட்டிப் பாறைம்மா. பாறைக்குள்ள தண்ணி நிக்காது. பிளவுல மட்டும்தான் நிக்கும்" என்றார். ரோஸ் நிறத்தின் மேல் அங்கங்கே விட்டு விட்டு வந்த கோடுகள் அந்தப் பிளவுகளாம்.

என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார், இன்னொருத்தர் வேன். போர் போட்டுத் தண்ணீர் வந்தால் வேனைச் சாவியோடு ஓனரிடம் கொடுத்துவிட்டு நிலத்துக்கு வந்துவிடுவது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்த ஒரே எண்ணம் அது. குத்தகைக்காரர் விட்டுப் போனதும், நீரோட்டம் பார்க்க ஓர் ஆளைக் கூட்டி வந்தார். அந்த ஆள் தேங்காயை எல்லாம் கையில் வைத்துக்கொண்டு நடக்கவில்லை. நாலு கம்பிகளைத் தரையில் அடித்து, ஒயர் இழுத்து, பெட்டியில் முள் அசைவதைப் பார்த்தார். நிலத்தில் ஒரே ஓர் இடத்தைக் காட்டினார், மலைப் பக்கத்துக் கடைசியில். சுண்ணாம்பால் குறி போட்டு, "இங்க அடிச்சா வரும். ஒரு அடி அந்தாண்ட இந்தாண்ட தள்ளினாலும் நான் ஜவாப்தாரி இல்ல" என்றார்.

எங்கள் ஓரக் கல்லிலிருந்து அந்தக் குறி இருபத்தொன்பது மீட்டர். எங்கள் நிலம் அந்தக் கடைசியில் இருபத்தொன்பதுக்கு மேல் அகலம் இருந்தால் குறி எங்களுடையது. இல்லாவிட்டால் மாமாவுடையது.

சர்வேக்கு மனு போட்டுவிட்டு அடிக்கலாம் என்றேன். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. போர் லாரி பக்கத்து ஊரில் நின்றது, விட்டால் எப்போது திரும்புமோ தெரியாது. "நீதான் தினம் இதையே பாத்துன்னு இருக்கற. படம் நம்ம கையில இருக்குது. ஒரு டேப்ப புடிச்சா முடிஞ்சது" என்றார். யாரும் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்ததில்லை. அதனால்தான் சரி என்றேனோ என்னவோ.

நான் எதையெல்லாம் யோசித்தேன் என்று ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்தேன். அது இன்னும் இருக்கிறது. கல்லை யாராவது நகர்த்தியிருப்பார்களா. படத்தில் எண்கள் மீட்டரா, பழைய சங்கிலி அளவின் லிங்க் கணக்கா. துணி டேப் வெயிலில் நீளுமா. நீளும் என்று கையேட்டில் போட்டிருந்தது, அதனால் ஸ்டீல் டேப் வாங்கினேன். நகல் எடுத்ததில் ஏதாவது எண் மங்கி, மூன்று எட்டாகிவிட்டதா. ஆபீஸில் கொடுத்த தாளையே திரும்பப் போய்ப் பார்த்தேன். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அளந்தோம்.

படத்தில் எங்கள் துண்டு மட்டும்தான் இருந்தது, பக்கத்து நிலமோ வண்டித் தடமோ இல்லை. தாளைத் தரையில் விரித்தேன். நாலு மூலையிலும் கல் வைத்தேன். தாளின் தலை மலைப் பக்கம், கால் ஏரிப் பக்கம். தாளின் தலையில் எங்கள் துண்டின் அகலம் 31.6 என்றிருந்தது. கால்பக்கம் 24.8. ஆக மலைப் பக்கத்துக் கடைசியில் முப்பத்தொன்று ஆறு. குறி எங்களுடையது, இரண்டு மீட்டர் அறுபது உள்ளே. வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னேன்.

லாரி காலையில் வந்தது. மத்தியானம் வரைக்கும் வெள்ளைத் தூள்தான் பறந்தது. எங்கள் தலை, வேப்ப மரம், லாரி டிரைவரின் டிபன் டப்பா எல்லாம் வெள்ளை. நானூற்று எண்பது அடியில் தூள் ஈரமாகி, சேறாகி, பிறகு தண்ணீர் பீய்ச்சியது. அறுநூற்று இருபதில் நிறுத்தினார்கள். வீட்டுக்காரர் அந்தச் சேற்றுத் தண்ணீரை இரண்டு கையிலும் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டார். நான் லாரிச் சக்கரம் மண்ணில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பைப்போடு சேர்த்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து ஐந்நூறு ஆனது. அறுபது கொடுத்தோம். மீதியைக் கடலை போட்டு எடுத்ததும் தருவதாகப் பேச்சு.

மாமா மெட்ராஸில் இருக்கிறார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர், மறுநாள் நிலத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அக்காவோடு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குழாயை ஒரு சுற்று சுற்றினார்.

"இன்னா தம்பி, என் நிலத்துல போர் போட்டுட்டு ஒரு போன்கூட பண்ணல?"

"உங்க நிலம் இல்லண்ணா. என்னுது. உங்களுது அந்தாண்ட."

"அந்தாண்டன்னா எந்தாண்ட? வரப்பு எங்க கீது?"

"படத்த வெச்சு இவதான் அளந்தா. ஜெராக்ஸ் கடையில இவளுக்கு இதான வேலை."

அக்கா என்னைப் பார்த்தார். "அப்போ கவர்மெண்டு எதுக்கு சர்வேயருக்குச் சம்பளம் குடுக்குது? உன்னையே வெச்சிக்கினா கம்மியா முடியுமே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. மறுநாளே பணம் கட்டி அளவைக்கு மனு கொடுத்தார். அதுவரை குழாயில் மோட்டார் இறக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடிவானது. மூடி போட்டுக் கம்பி கட்டியது அப்போதுதான்.

சர்வேயர் வருகிற வரைக்கும் நாட்களை எப்படித் தள்ளினேன் என்று நினைவில்லை. காஸை மூடினேனா என்று கடைக்குப் போகிற பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பினேன், இரண்டு தடவை. காலண்டர் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

சர்வேயர் படத்தை பைக் சீட்டின் மேல் விரித்தார். அவர் முதலில் கேட்டது, "யாரு அளந்தது?"

"நான்தான் சார்."

"எந்தக் கல்லுல இருந்து?"

வண்டித் தடக் கல்லைக் காட்டினேன். அவருடைய உதவியாளர் வேறு இரண்டு இடங்களிலிருந்து இழுத்துப் பார்த்து, கல் நகரவில்லை என்றார்.

"கல்லு கரெக்ட். டேப்பு?"

"ஸ்டீல் டேப்பு சார்."

"பரவால்லையே மேடம்." உண்மையாகவே பாராட்டினார். அந்த ஒரு நிமிஷம் என் வீட்டுக்காரர் மாமாவைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். "சரி, இந்தக் கடைசில அகலம் எவ்ளோ வெச்சீங்க?"

"முப்பத்தொண்ணு ஆறு."

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் என் நகல் இருந்தது. அதை வாங்காமல், "மேடம், அப்படியே திரும்பி ஏரியப் பாத்து நில்லுங்க" என்றார்.

மலைக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"இப்போ தாளப் பாருங்க. மேல என்னா இருக்கு?"

தாளின் மேல் பக்கம் ஏரியை நோக்கி இருந்தது. 31.6 அங்கே இருந்தது. கீழே, என் வயிற்றுப் பக்கம், என் முதுகுக்குப் பின்னால் மலை இருக்கிற பக்கம், 24.8.

தாளை மடித்தேன். திரும்ப விரித்தேன். மடிப்பில் ஒரு சின்னக் கிழிசல். அதை டேப் போட்டு ஒட்ட வேண்டும் என்று தோன்றியது. அது மட்டும்தான் தோன்றியது.

"எப்பவுமே வடக்குதான் மேடம் மேல இருக்கும். எல்லா ஊர்லயும்" என்றார் சர்வேயர், மெதுவாக.

தலையாரி விடவில்லை. "எல்லா ஊர்லயும் மலை கீதா சார்? எங்களுக்கு மலைதான் தல. மலையப் பாத்து காலக் காட்டுற மாதிரி படத்த வரைஞ்சா எவன் குத்தம்?"

"அதை வரைஞ்சவர் கிட்ட கேளுங்க."

"அவரு செத்து முப்பது வருஷம் ஆயிருக்கும்" என்றார் தலையாரி. உதவியாளர் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அளந்தார்கள். இருபத்து நாலு எண்பதில் ஒரு முளை அடித்தார்கள். குழாய் அதைத் தாண்டி நாலு மீட்டர் இருபது, மாமாவின் நிலத்துக்குள். உதவியாளர் சொன்ன எண்ணை சர்வேயர் திருப்பிச் சொல்லி எழுதினார். அப்புறம் ஏரிப் பக்கம் போய் அங்கேயும் முளை அடித்தார்கள். "உங்க நிலத்துல ஒரு சென்ட்டுகூட கம்மி ஆகல. இந்தாண்ட அகலமா இருக்குது பாருங்க" என்று ஆறுதலாகச் சொன்னார் சர்வேயர். ஏரிப் பக்கம் கம்பி அடித்துப் பார்த்த ஆள் அங்கே ஒன்றுமில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்.

மாமா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் வீட்டுக்காரரும் போட்டிருப்பார். மாமா குழாயின் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, போர் என் நிலத்துல கீது. நான் போடச் சொல்லல, அதனால காசு கேக்காத. மூடவும் மாட்டேன். கரண்ட் சர்வீஸ் என் பேர்ல வாங்கிக்கிறேன். நானே பயிர் வெக்கப் போறேன். எனக்குப் பாஞ்ச அப்புறம் மிச்சம் இருந்தா நீ எடுத்துக்க."

"சரிண்ணா" என்றார் என் வீட்டுக்காரர்.

"கோவமா?"

"இதுல இன்னா கோவம்ண்ணா. படத்துல இருக்கறது இருக்குது."

அக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். "குடி. மூஞ்சி சுண்ணாம்பா இருக்குது" என்றார். குடித்தேன். தண்ணீர் சூடாக இருந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது மூடியைத் திருகினேனா என்று சந்தேகம் வந்து மறுபடி வாங்கிப் பார்த்தேன். திருகியிருந்தேன்.

ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம், கடைசியாக சர்வேயர் போட்டார். நான் தாளில் கை வைத்துப் போட்ட இடம் வியர்வையில் கொஞ்சம் நனைந்தது.

பிறகு என்னைக் கடையில் விட வீட்டுக்காரர் பைக்கில் வேங்கிக்காலுக்குக் கூட்டிப் போனார். மலை நேரே எதிரில் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேல் அதைப் பார்த்தபடி வந்தேன். வேங்கிக்கால் வளைவில் கேட்டார்.

"அந்த ஸ்டீல் டேப்பு எவ்ளோ?"

"நானூத்தி அம்பது."

"ம்."

மறுநாள் காலை ஐந்தரைக்கு வேன் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். இனி நிலத்துக்கு வருகிற பேச்சு எங்கள் வீட்டில் இல்லை. திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிடுகிறார், மழை வருமா என்று கேட்கிறார். நானும் பதில் சொல்கிறேன். அழுகை வரும் என்று நினைத்துக் கடையில் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. வெளியே யாரோ, "அக்கா, ரெண்டு ஜெராக்ஸ்" என்று கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு ஒரு பெரியவர் புலப்படம் கொண்டுவந்தார். கண்ணாடியில் வைத்தேன். தாள் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தாலும் மிஷின் ஒரே மாதிரிதான் எடுக்கும். அவர் நகலைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, இதுல ரோடு எந்தாண்ட வருதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றார்.

"ஆபீஸ்ல கேளுங்க ஐயா" என்றேன்.

"இத்தினி வருஷமா இங்க இருக்கற, உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

அவர் போன பிறகு மேஜைக்கு அடியிலிருந்து என் கறுப்படித்த கையேட்டை எடுத்தேன். படங்களைப் படிப்பது பற்றிய பக்கம் ஆரம்பத்திலேயே இருந்தது. கோணலாக வந்த தாள்தான், ஆனால் எல்லா எழுத்தும் தெரிந்தது. படத்தின் மேற்பகுதி வடக்கைக் குறிக்கும் என்று போட்டிருந்தது. அதன் கீழே பென்சிலால் ஒரு கோடு. நான் போட்ட கோடுதான். எப்போது போட்டேன் என்று தெரியவில்லை. படித்திருக்கிறேன், முக்கியம் என்றும் நினைத்திருக்கிறேன். வயலில் மலைக்கு எதிரே உட்கார்ந்து தாளை விரித்தபோது அந்தக் கோடு எனக்கு ஞாபகம் வரவில்லை. தாளை அப்படி வைத்ததுகூட நான் செய்த காரியமாகத் தெரியவில்லை. பாய் விரிக்கிற மாதிரி விரித்திருக்கிறேன்.

மூன்று கட்டுகளையும் எடைக்குப் போடவில்லை. மேஜைக்கு அடியில் அப்படியே இருக்கின்றன.

மாமா சர்வீஸ் வாங்கிவிட்டார், மோட்டார் இறக்கிவிட்டார் என்று தலையாரி சொன்னார். தண்ணீர் நன்றாக வருகிறதாம். மிச்சம் இருக்கிறதா என்று நாங்கள் போய்க் கேட்கவில்லை. எங்கள் துண்டில் இந்த வருஷம் ஒன்றும் போடவில்லை, கடலை எடுத்துத் தருகிறோம் என்ற பேச்சு அத்தோடு நின்றது.

போர் லாரிக்காரர் மாதத்தில் ஒரு தடவை கடைக்குப் போன் செய்கிறார். மரியாதையான மனுஷர். அவருக்கு விஷயம் தெரியும்.

"அக்கா, யார் நிலத்துல தண்ணி வந்தா எனக்கின்னா? அடி கணக்கு அடி கணக்குதான? தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் போன வாரம்.

"தப்பில்லைங்க. எவ்ளோன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஆனாலும் அவர் சொல்லக் கேட்டு, அந்தக் காலண்டர் தாளின் கடைசியில், நான் யோசித்து வைத்திருந்த எல்லாவற்றுக்கும் கீழே எழுதிக்கொண்டேன்: பாக்கி முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.